குறிப்பேட்டில் விடுபட்டது

பதினொரு பேர் கையெழுத்திட்டோம்.
குளிரில் பேனா எழுத மறுத்தது.
டெலோரஸ் அதை அக்குளில் இடுக்கிச் சூடாக்கித் தந்தாள்.
சபையின் முதல் அற்புதம் என்றார் போதகர்.
செயலாளன் நான். அதை எழுதவில்லை.

டொலிடோவின் கிழக்கு மூலை,
ஐம்பத்தெட்டாம் வருஷப் பிப்ரவரி,
திவாலான ஒரு பௌலிங் கூடம்.
பீடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு
பத்துக் கட்டைகள் விழுந்து விழுந்து எழுந்த இடத்தைக் காட்டுவோம்.
தரையில் அம்புக்குறிகள் அழியவில்லை.
மெழுகும் போகவில்லை.
முழங்காலிட்டவர்கள் மெல்ல வழுக்கி
முன்வரிசை வரை வந்துவிடுவார்கள்.

கொர்னேலியஸ் டிப்ஸ், ரயிலில் படுக்கை விரிப்பவர்,
ஒரு அடியை ஒரு மைல் நீளத்துக்கு இழுப்பார்.
ஹெட்விக் அம்மாள் கடிகாரத்தோடு பாடுகிறவள்.
அவள் ஆமென் சொல்லி உட்கார்ந்தபோது
அவர் இரண்டாம் சரணத்தில் இருந்தார்.
முதல் சண்டை தாளத்தைப் பற்றியது.
நிறத்தைப் பற்றி என்று
யாரும் சொல்லவில்லை.

ஒகசாகி தம்பதி கதவருகே, கோட்டைக் கழற்றாமல்.
யுத்த காலத்தில் முள்வேலிக்குள் இருந்தவர்கள்;
கிளம்பு என்றால் கிளம்பிப் பழகியவர்கள்.
ஏப்ரலில் ஒருநாள்
அவள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள்.
திரும்பிப் பார்க்காமலிருக்க
நாங்கள் பட்ட பாடு!

எனக்குக் கண்ணாடி ஆலையில் வேலை.
ஞானமுத்து அவர்கள் நாவில் நிற்காமல்
முத்து மட்டும் மிஞ்சினேன்.
சனி இரவுகளில் கல் வரும்.
விடியுமுன் ஆலை கழித்த கண்ணாடியோடு போய்
பட்டி வைத்து அடைப்பேன்.
குமிழ் விழுந்தவை, அலை ஓடியவை.
உள்ளிருந்து பார்த்தால் தெரு கோணும்.
தெருவுக்கு நாங்களும்.

ஒரு கூட்டத்தில், காப்பி ஆறிக்கொண்டிருக்க, டிப்ஸ் கேட்டார்:
"உங்கள் நாட்டுச் சபைகளில்
இந்த வேற்றுமையெல்லாம் கிடையாது, இல்லையா முத்து?"
கிடையாது என்றேன்.
எழுதியும் வைத்தேன்:
சகோதரர் முத்து சாட்சி பகர்ந்தார்.

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் நடுவே
ஒரு இரும்புக் கிராதி.
அப்பமும் ரசமும் முதலில் இந்தப் பக்கம்.
மிச்சம் அந்தப் பக்கம்.
கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சுவர் உண்டு,
எலும்புகள் கலந்துவிடக் கூடாதே என்று.
எஸ்றா, என் வகுப்பில் கணக்குப் புலி,
ஞாயிறு ஆனால்
கிராதிக்கு அப்பால் நீண்ட ஒரு கை மட்டும்.

ஆகஸ்டில் லவீனியா டிப்ஸ் செத்துப்போனாள்.
ஹெட்விக் அம்மாள் தனக்கென்று வாங்கிவைத்த குழியைக் கொடுத்தாள்.
பத்திரத்தின் ஆறாம் ஷரத்தில் நிறம் இருந்தது.
நாற்பது மைல் தள்ளிப் புதைத்தோம்.
திரும்பி வந்த இரவே சபை கூடியது.
ஆளாளுக்குப் பேசினார்கள்.
நான் பேனாவை மூடினேன்.
கிராதியைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன்,
எஸ்றாவின் கையைச் சொன்னேன்.
டிப்ஸ் ஒன்றே ஒன்று கேட்டார்:
"நீ எந்தப் பக்கம்?"

சொன்னேன்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனியும் கல் வந்தது.
விடியலில் நான் போனபோது
ஏணியைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார்.
"பட்டியை அழுத்திப் பூசு,
போன தடவை ஒழுகிற்று."
வேறொன்றும் பேசவில்லை,
அன்றும், அடுத்த மாதம் முழுதும்.

அந்தச் சாட்சி வரியை
குறிப்பேட்டில் கோடிட்டு அடித்தேன்.
ஓரத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி.
ஓரம் போதவில்லை.